பழைய கதவு, உத்திரம், பேலட் பலகை: வீட்டு மேசைக்கும் புத்தக அலமாரிக்கும் எதை எடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும்?

நிழல்மரம்:
எல்லோருக்கும் வணக்கம். உறவினர் வீட்டை இடித்தபோது குப்பைக்குப் போக இருந்த மரத்தை எடுத்து வந்து கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறேன். பெயின்ட் பூசிய இரட்டைக் கதவு ஒரு ஜோடி, பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு நிறம் தெரிகிறது. நாலுக்கு மூன்று அங்குல ஜன்னல் நிலைச்சட்டங்கள் கொஞ்சம், எட்டடி உத்திரம் இரண்டு, கூடவே பேலட் என்கிற சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளைப் பிரித்த பலகைகள். நண்பர் ஒருவர் ரயில் தண்டவாளக் கட்டை ஒன்றும் தருகிறேன் என்கிறார். ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஒன்று, புத்தக அலமாரி ஒன்று, இரண்டும் செய்ய ஆசை. டிரில், ஜிக்சா, சாண்டர், கைரம்பம், ஒரு இழைப்புளி, நாலைந்து உளி இருக்கின்றன. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். எங்கிருந்து தொடங்கலாம்?

உளிச்சத்தம்:
தம்பி, முதலில் மேசையின் படத்தை ஓரமாக வையுங்கள். புது மரம் என்றால் படம் போட்டுவிட்டு மரம் வாங்குவோம். பழைய மரத்தில் கையில் என்ன தேறுகிறது என்று பார்த்த பிறகுதான் படம். எட்டடி உத்திரம் என்று சொல்கிறீர்கள், இரண்டு முனையும் சுவருக்குள் இருந்த பகுதி, அங்கே ஈரம் ஏறி ஏறி உளுத்திருக்கும். ஒரு கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் போகாத இடம் வரை வெட்டி எறிய வேண்டியதுதான். நடுவில் வெடிப்பு இருந்தால் அது எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஆணி ஓட்டை, பூட்டுக் குழி, கீல் வெட்டு எல்லாம் கழித்தால் மிச்சம் எத்தனை அடி என்று சுண்ணக்கட்டியால் மரத்தின் மேலேயே எழுதி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு கழிவு என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்தது என்ன மரம் என்று தெரிந்துகொள்வது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு இழைப்புளி ஓட்டுங்கள். மேல் அழுக்கு போனதும் நிறம், ரேகை, மணம் மூன்றும் வெளியே வரும். தேக்கு என்றால் தோல் வாசனை கலந்த ஒரு மணம் வரும், விரலில் லேசாக எண்ணெய்ப் பசை தட்டும். பைன் என்றால் பிசின் வாசனை, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். பெயர் தெரியாவிட்டாலும் கவலை இல்லை, எடையும் கடினமும் தெரிந்தால் போதும். கனமும் வைரமும் (மரத்தின் உள்பக்கக் கடினப் பகுதி) உள்ளது காலுக்கும் சட்டத்துக்கும், லேசானது அலமாரியின் முதுகுக்கும் இழுப்பறையின் அடிக்கும்.

கொட்டாப்புளி:
ஆஹா, பச்சை நீலம் அடுக்கடுக்காகப் பெயின்ட் உள்ள கதவா! அதை இழைத்துப் பாழாக்காதீர்கள். அப்படியே படுக்க வைத்து நான்கு கால் கொடுத்து மேலே கண்ணாடி போடுங்கள். உரிந்த பெயின்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் உள்நிறங்கள் தீவு தீவாகத் தெரியும். அந்த அழகைப் புதுப் பெயின்ட்டில் கொண்டுவரவே முடியாது. கதவைக் கதவாகத் தெரியவிடுவதுதான் அதற்கு நாம் தரும் மரியாதை.

மழைக்காகம்:
நிழல்மரம், தயவுசெய்து அந்தக் கதவில் உப்புத்தாளை வைக்காதீர்கள். சாண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நான் பெயின்ட் துறையில் வேலை பார்த்தவள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் நிறத்துக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும், தாங்கும் சக்திக்காகவும் ஈயம் கலப்பது வெகுகாலம் சாதாரணமாக இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-இல்தான் தடை செய்தது, பல நாடுகள் அதற்கும் வெகுகாலம் கழித்து. மூன்று அடுக்கு தெரிகிறது என்றால் கடைசி அடுக்கு எந்தக் காலத்தது என்று யாருக்குத் தெரியும்? உலர்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் எழும் தூள் தரையில் படியும், தவழ்கிற, கையை வாயில் வைக்கிற குழந்தை அதைத்தான் முதலில் தின்னும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் நேரடியாகப் பாதிக்கும், இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கண்ணாடிக்கு அடியில் உரிந்துகொண்டே இருக்கும் பெயின்ட்டை வைத்துச் சாப்பிடுவது அழகாக இருக்கலாம், மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். விளிம்பையும் அடிப்பக்கத்தையும் கண்ணாடி மூடாது.

கொட்டாப்புளி:
அக்கா சொல்வது சரி, குழந்தை இருப்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், பெயின்ட்டைச் சோதித்துப் பார்த்து ஈயம் இல்லை என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம் இல்லையா? எல்லாப் பழைய பெயின்ட்டையும் விஷம் என்று சுரண்டிவிட்டால் பழைய மரத்தில் பழையது என்ன மிஞ்சும்?

மழைக்காகம்:
சோதித்து இல்லை என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், மேலே தெளிவான வார்னிஷ் இரண்டு கை கொடுத்து உரியாமல் பூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சோதனைக் குச்சி கடையில் கிடைக்கும். ஒரு கத்தியால் எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி மரம் வரைக்கும் சாய்வாக வெட்டி, அந்த வெட்டின் மேல் தேய்க்க வேண்டும். மேலே மட்டும் தேய்த்தால் கடைசியாக அடித்த பெயின்ட்டைத்தான் சோதித்ததாக ஆகும். நிறம் மாறுவதைப் படிப்பதில் குழப்பம் வரலாம், சிவப்புப் பெயின்ட்டில் குறிப்பாக. சந்தேகம் என்றால் ஒரு சில்லை ஆய்வகத்துக்குக் கொடுப்பதே நிச்சயம்.

நிழல்மரம்:
குச்சி வாங்கிச் சோதித்தேன். மேல் பச்சையில் ஒன்றும் இல்லை, கீழ் இரண்டு அடுக்கிலும் நிறம் மாறிவிட்டது. ஆக ஈயம் இருக்கிறது. கதவையே தூக்கிப் போட வேண்டியதுதானா? இழைத்த மூலையில் பார்த்தால் உள்ளே நல்ல தேக்கு, மனசு வரவில்லை.

மழைக்காகம்:
தூக்கிப் போட வேண்டாம். தூள் பறக்காமல் எடுக்க வேண்டும், விஷயம் அதுதான்.

திறந்த வெளியில், கீழே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, பெயின்ட் நீக்கும் களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஊறவிட்டால் மூன்று அடுக்கும் தோல் மாதிரி சுருண்டு வரும், அப்போது ஈரமாகவே சுரண்டி எடுக்கலாம். களிம்பு வாங்கும்போது டைகுளோரோமீத்தேன் உள்ளதைத் தவிருங்கள். மூடிய அறையில் அந்தப் புகையால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 2019-இல் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதையே நிறுத்தினார்கள். காஸ்டிக் சோடா வகைக் களிம்பும் தேக்குக்கு ஒத்துவராது, மரத்தைக் கறுக்கடித்துவிடும். வெப்பத் துப்பாக்கியை அதிகச் சூட்டில் பிடித்தால் ஈயம் புகையாகவே எழும், அதுவும் வேண்டாம்.

சாதாரணத் துணி முகமூடி போதாது, நுண்துகள் வடிகட்டும் மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் படிய வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். உடையைத் தனியாகத் துவையுங்கள். சுரண்டிய கழிவை மூட்டை கட்டி அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். எக்காரணம் கொண்டும் எரிக்க வேண்டாம். ரேகைக்குள் ஒட்டிய மிச்சத்தையும் தண்ணீர் தொட்ட உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும்.

புதுச்சீவல்:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னிடம் பேலட் பலகைகள் நிறைய இருக்கின்றன. சிலவற்றில் முத்திரை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பேலட் மரம் முழுக்க ரசாயனம் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

வைரக்கட்டை:
பாதி உண்மை. நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு பன்னாட்டு விதி 2002-இல் வந்தது, மரத்தோடு பூச்சியும் பயணம் போகாமல் இருக்க. அதன்படி ஒவ்வொரு பேலட்டிலும் தானியக் கதிர் படம் போட்ட முத்திரை, நாட்டின் குறியெழுத்து, உற்பத்தியாளர் எண், என்ன பதப்படுத்தல் என்ற எழுத்து இருக்கும். அந்தக் கடைசி எழுத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். எச்டி (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் வைத்திருப்பார்கள், ரசாயனம் கிடையாது. டிஎச் (DH) என்றால் மைக்ரோவேவ் மாதிரியான முறையில் சூடாக்கியது, அதுவும் சரி. எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஒடுக்கப்பட்ட வாயு அது.

முத்திரையே இல்லாதது உள்நாட்டில் மட்டும் சுற்றியதாக இருக்கலாம். ஆனால் முத்திரை ஒன்றும் முழு உத்தரவாதம் இல்லை. எச்டி என்று இருந்தாலும் அதன் மேல் எந்த ரசாயனப் பீப்பாய் கசிந்தது என்று முத்திரை சொல்லாது. கறை, எண்ணெய்ப் பிசுக்கு, விசித்திர வாசனை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, பேலட் பலகையை மேசை மேற்பரப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மெல்லியது, கணு அதிகம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமன். இழைத்து மட்டம் பண்ணினால் மிஞ்சுவது 12 மி.மீ. கூட இருக்காது. சின்னப் பெட்டி, சுவர் மாட்டி, அலமாரி முதுகு, இதற்கெல்லாம் நன்றாக உதவும்.

நிழல்மரம், அந்தத் தண்டவாளக் கட்டையை நண்பரிடமே இருக்கச் சொல்லுங்கள். மரக் கட்டைகளைக் கிரியோசோட்டில் ஊறவைப்பது வழக்கம், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தது, புற்றுநோய் வரவழைக்கும் பொருள்கள் அதில் உண்டு. வெயில் பட்டால் இன்றும் கசியும். இழைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், உள்ளே ஆழமாக ஏறியிருக்கும். அதே மாதிரி லேசான பச்சை சாயல் அடிக்கும் பழைய வேலிக் கம்பம், தோட்டத்துப் பலகை எல்லாம் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையில் பதப்படுத்தியதாக இருக்கலாம். அதையும் தொட வேண்டாம்.

உளிச்சத்தம்:
ஆணி விஷயத்துக்கு வருகிறேன். பழைய மரத்தில் கருவிகளுக்கு எமன் ஆணிதான். கண்ணுக்குத் தெரிவதைப் பிடுங்கிவிட்டேன் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது, தலை ஒடிந்து உள்ளே புதைந்தது எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். கறுப்பாக ஒரு வட்டக் கறை தெரிந்தால் அதன் நடுவில் இரும்பு உண்டு அல்லது இருந்தது. கையில் பிடிக்கும் சின்ன உலோகம் கண்டறியும் கருவி வாங்குங்கள், அது காப்பாற்றப் போகும் ரம்பத்தோடு பார்த்தால் செலவே இல்லை. இல்லாவிட்டால் பலமான காந்தத்தை நூலில் கட்டி மெதுவாக மரத்தின் மேல் நகர்த்துங்கள், இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும், ஆனால் பித்தளைத் திருகாணியை அது காட்டாது.

பிடுங்கும் முறை: முனை பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் முதலில் அதை நிமிர்த்தி, பின்னாலிருந்து தட்டித் தலையை வெளியே கொண்டுவாருங்கள். பிறகு முன்னாலிருந்து சுத்தியல் கவையால் எடுங்கள், கவைக்கு அடியில் ஒரு மெல்லிய பலகைத் துண்டு வைத்தால் மரத்தில் பள்ளம் விழாது. வரமாட்டேன் என்றால் ஒரே இழுப்பில் இழுக்காமல் முதலில் ஒரு தட்டு உள்ளே தட்டுங்கள். துருவின் பிடி விடும், அப்புறம் வரும். திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தால் அதன் தலையில் சால்டரிங் இரும்பை வைத்துச் சூடாக்கி ஆறவிட்டுத் திருகுங்கள். தலையே போய்விட்டால் குழாய் மாதிரியான துளைப்பானால் சுற்றிலும் துளைத்துக் கட்டையோடு எடுத்து, அந்தக் குழியில் அதே மரத்தில் ஒரு குச்சி செதுக்கி ரேகை ஒத்துப்போகிற மாதிரி ஒட்டிவிடலாம். ஆணி கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாமல், டெட்டனஸ் ஊசி போட்டு நாளாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூளிமழை:
என் கேள்வி பூச்சி பற்றி. ஒரு சட்டத்தில் குண்டூசி அளவு ஓட்டைகள், கீழே மாவு மாதிரி தூள். இதை வீட்டுக்குள் வைத்தால் மற்ற மரச் சாமான்களுக்கும் பரவுமா?

வைரக்கட்டை:
ஓட்டை இருப்பது முக்கியம் இல்லை, தூள் புதிதா பழையதா என்பதுதான் முக்கியம். சட்டத்தைத் தட்டி, துடைத்து, கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்துப் புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். தூள் மைதா மாதிரி மென்மையாக இருந்து ஓட்டை ஒன்றிரண்டு மி.மீ. இருந்தால் உளு வண்டு. அது அகல இலை மரங்களின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும், வைரத்தைத் தொடுவது அபூர்வம். அந்த வெள்ளையைச் சீவி எறிந்தாலே பெரும்பாலும் பிரச்சினை முடிந்தது. தூளுக்குப் பதிலாகக் கசகசா மாதிரி உருண்டைகள், உற்றுப் பார்த்தால் ஆறு பட்டையாக இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். அது மண்ணோடு தொடர்பு இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் வகை, அந்தச் சட்டத்தை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

போரான் உப்புக் கரைசலை வெறும் மரத்தின் மேல் இரண்டு மூன்று முறை பூசலாம். பாலிஷ், பெயின்ட் இருந்தால் உள்ளே இறங்காது, அதனால் அதையெல்லாம் எடுத்த பிறகு, பாலிஷ் போடுவதற்கு முன். மழையில் கரைந்து போகும், வீட்டுக்குள் நிற்கும் சாமானுக்கு அந்தக் கவலை இல்லை.

கொட்டாப்புளி:
ஈரம் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய மரம் அறுபது எழுபது வருடம் காய்ந்தது, புது மரம் மாதிரி வளையாது. பழைய மரத்தின் பெரிய லாபமே அதுதானே?

வைரக்கட்டை:
இதை நிறையப் பேர் நம்புகிறார்கள், இதனால்தான் நிறைய மேசைகள் வெடிக்கின்றன. மரம் ஒருமுறை காய்ந்துவிட்டால் அப்புறம் காய்ந்தே இருக்கும் என்பது கிடையாது, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு அது சாகும் வரை கொடுக்கல் வாங்கல் நடத்தும். அறுபது வருடம் காய்ந்த உத்திரம் இரண்டு மாதம் மழைக்காலத்தில் கொட்டகையில் கிடந்தால் அந்தக் கொட்டகையின் ஈரம்தான் அதில் இருக்கும். வீட்டுச் சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம் வரை சரி, காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம் உள்ள இடத்தில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். ஊசி வைத்த ஈரமானியால் வெளிப்புறத்தில் அளக்காதீர்கள், ஒரு முனையை வெட்டி அந்தப் புது வெட்டில் குத்தி அளவெடுங்கள்.

மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. பலகையின் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள். 118 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் 103 டிகிரியில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காயவிடுங்கள். 100 கிராமில் நின்றால் போனது 18, அதாவது உலர்ந்த எடையில் 18 சதவீதம் ஈரம். இவ்வளவு ஈரத்தோடு மேசை செய்யக்கூடாது. பலகைகளுக்கு இடையில் ஒரே தடிமனுள்ள ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து, மேசை நிற்கப் போகிற அறையிலேயே அடுக்கி வையுங்கள், எடை நிலைக்கும் வரை.

நீங்கள் சொன்ன லாபமும் பொய் இல்லை. மெதுவாக வளர்ந்த பழைய மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், வைரம் அதிகம், அது இன்றைய தோட்டத்து மரத்தில் சுலபத்தில் கிடைக்காது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

உளிச்சத்தம்:
அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த உத்திரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு இரண்டு பாதியும் வளையும். வெளிப்பக்கமாக வளைந்தால் பரவாயில்லை, உள்பக்கமாக வளைந்தால் ரம்பத்தைக் கவ்வி, இயந்திர ரம்பமாக இருந்தால் கட்டையை உங்கள் மேலேயே எறியும். அறுத்த பிளவில் ஆப்பு அடித்துக்கொண்டே போங்கள், உங்கள் நேர் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். அறுத்த உடனே அளவுக்கு இழைக்காதீர்கள். நாலைந்து மி.மீ. தடிமன் கூடுதலாக விட்டுக் கொஞ்ச நாள் கிடக்கவிட்டு, வளைய வேண்டியது வளைந்த பிறகு இழையுங்கள்.

நிழல்மரம்:
எல்லோருக்கும் நன்றி, நிறைய எழுதி வைத்துக்கொண்டேன். கதவின் சட்டங்களைப் பிரித்து மேசையின் மேற்பலகையாக ஒட்டலாம் என்று நினைக்கிறேன், 90 செ.மீ. அகலம். உத்திரத்தில் கால். கேள்வி: மேற்பலகையைச் சட்டத்தோடு பசையும் திருகாணியும் போட்டு நன்றாக இறுக்கிவிடலாமா? ஆடக் கூடாது என்பது என் கவலை.

உளிச்சத்தம்:
திருகாணி போடலாம், பசை போடக் கூடாது, திருகாணியையும் இறுக்கிக் கட்டிப்போடக் கூடாது. மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் மூச்சு விடும். 90 செ.மீ. அகலத் தேக்குப் பலகை, ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினாலே 5 முதல் 7 மி.மீ. வரை விரிந்து சுருங்கும். அதை நாலு பக்கமும் கட்டிப்போட்டால் எங்காவது ஒரு இடத்தில் வெடித்தே தீரும், இரவில் டப் என்று சத்தம் கேட்டு எழுந்திருப்பீர்கள். கீழ்ச்சட்டத்தில் திருகாணிக்கான துளையை வட்டமாக இல்லாமல் அகலவாக்கில் நீள்துளையாகப் போடுங்கள், வாஷர் வைத்துத் திருகுங்கள். நடுவில் மட்டும் ஒரு வரிசை நிலையாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் நகரட்டும். உறுதி வருவது மேற்பலகையால் இல்லை, காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் கழுந்தும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் துளையும் இறுக்கமாக உட்காருவதால். அங்கே பசை தாராளமாகப் போடுங்கள்.

பசை பற்றியும். பழைய மரத்தின் வெளிப்பரப்பில் பசை பிடிக்காது, ஒட்டுகிற அன்றைக்கு இழைத்த புது முகமாக இருக்க வேண்டும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, ஆவியானதும் பசை போடுங்கள். மேசை உயரம் 75 செ.மீ. பக்கம் வையுங்கள், கீழ்ச்சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் 60 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் தொடை இடிக்காது.

கொட்டாப்புளி:
மேலே முழுக்க இழைக்கப் போகிறீர்களா? ஆணிக் கறை, கீல் குழி எல்லாம் போய்விடுமே. புதுக் கடை மேசை மாதிரி ஆகிவிடும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

உளிச்சத்தம்:
தட்டு வைத்துச் சாப்பிடும் இடத்தில் குழி இருந்தால் சோற்றுப் பருக்கையும் குழம்பும் அங்கேதான் தங்கும். கதவு சாத்துவதற்கு, மேசை துடைப்பதற்கு. மேல் முகத்தை மட்டம் பண்ணித்தான் ஆக வேண்டும். வெளியில் கிடந்த மரத்தின் நரைத்த தோல் ஒன்றிரண்டு மி.மீ. ஆழம்தான், அதை எடுத்தால் உள்ளே இருப்பதும் அதே பழைய மரம்தான், அதன் நிறத்தை யாராலும் புது மரத்தில் கொண்டுவர முடியாது.

கொட்டாப்புளி:
மேலே இழையுங்கள், சரி. ஆனால் விளிம்பையும் காலையும் விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். உத்திரத்தில் கோடரி செதுக்கிய தடம் இருந்தால் அது யாரோ ஒருவர் கையால் வேலை செய்த அடையாளம். பித்தளைக் கம்பித் தூரிகையால் ரேகை வாக்கில் தேய்த்து, சிராய் மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். ஆணிக் குழியை எபாக்சியில் நிரப்பலாம், அந்த மரத்தின் தூளையே கலந்து. கறுப்புக் கறையை ஆக்ஸாலிக் அமிலம் போட்டு எடுக்கலாம், இரும்பும் மரத்திலுள்ள டானினும் சேர்ந்த கறை அது. எடுக்காமல் விட்டால் எனக்குச் சந்தோஷம்.

மழைக்காகம்:
ஆக்ஸாலிக் அமிலம் போட்டால் கையுறை, கண்ணாடி கட்டாயம். காய்ந்ததும் மேலே படியும் வெள்ளைப் படிகத்தைத் தேய்க்காமல் தண்ணீரால் நன்றாகக் கழுவி எடுங்கள், அந்தத் தூள் மூக்கில் ஏறினால் எரியும். பொதுவாகவே மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. சாண்டரோடு வாக்யூம் இணையுங்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

புதுச்சீவல்:
அலமாரிக்கு எவ்வளவு நீளப் பலகை போடலாம்? சுவர் முழுக்க ஒரே பலகையாகப் போட ஆசை.

வைரக்கட்டை:
ஆசை வேண்டாம். புத்தகம் நாம் நினைப்பதை விடக் கனம், ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 கிலோ தாராளமாக வரும். நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு இரண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு. தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 20 மி.மீ. பலகைக்கு 75, 80 செ.மீ.க்கு மேல் போகாமல் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வைத்துவிடுங்கள். இன்னும் நீளம் வேண்டும் என்றால் முன்விளிம்பின் அடியில் நாலு செ.மீ. உயரத்தில் ஒரு சட்டத்தை நிறுத்தி ஒட்டுங்கள், பலகை மெல்லியதாக இருந்தாலும் தாங்கும். கடைசியாக, அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிடித்துவிட வேண்டும். குழந்தைகள் ஏறுவார்கள், கேட்டுக்கொண்டு ஏறமாட்டார்கள்.

தூளிமழை:
பாலிஷ் எது நல்லது என்றும் யாராவது சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
சாப்பாட்டு மேசைக்குப் பாலியூரிதேன், சூடும் தண்ணீரும் தாங்கும். அரக்குப் பாலிஷ் கண்ணுக்கு அழகு, சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், அதனால் அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மரத்தின் முடை வாசனையை அடைப்பதற்கும் அரக்கு நல்லது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் போடுபவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

நிழல்மரம்:
ஒரு தகவலும் ஒரு கேள்வியும். களிம்பு போட்டுப் பெயின்ட் முழுக்க எடுத்தாகிவிட்டது, மழைக்காகம் அக்காவுக்கு நன்றி, உள்ளே தேன் நிறத்தில் தேக்கு. சட்டங்கள் அறைக்குள் ரீப்பர் வைத்து அடுக்கியிருக்கிறேன், முதலில் 16 சதவீதம் காட்டியது இப்போது 12-க்கு வந்துவிட்டது. விளிம்பை இழைக்காமல் விடுகிறேன், கொட்டாப்புளி.

இப்போது இரண்டாவது கதவைப் பிரிக்கும்போது ஒரு மூலை வரவே இல்லை. உற்றுப் பார்த்தால் சட்டத்தின் முகத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு மர ஆணி அடித்திருக்கிறது. அதைத் துளைத்து எடுப்பதா, அடித்து எடுப்பதா?

உளிச்சத்தம்:
துளைக்க வேண்டாம், அடித்தே வரும். மர ஆணியை ஒரு முனை சிறுத்துத்தான் செதுக்குவார்கள். கதவைத் திருப்பி இரண்டு பக்கமும் பாருங்கள், எந்தப் பக்கம் வட்டம் சின்னதாக இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். பெரிய பக்கத்திலிருந்து அடித்தால் ஆப்பு மாதிரி இன்னும் இறுகி, சட்டம் பிளக்கும். ஆணியை விடச் சற்று மெல்லிய இரும்புக் கம்பியை நேராக நிறுத்தி, கதவின் அடியில் ஆணி வெளியே வரும் இடத்தில் ஓட்டை உள்ள கட்டை ஒன்று தாங்கு கொடுத்து, நிதானமாகத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தெரிந்தால் பழைய பசை பிடித்திருக்கலாம், வெந்நீரில் நனைத்த துணியை மூலையில் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் தட்டுங்கள். வந்த ஆணியை எறியாதீர்கள், உங்கள் மேசைக் காலின் கழுந்துக்கு அதுவே போதும், தடிமன் மட்டும் அளந்து துளையைப் போடுங்கள்.